டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் தொடக்க நாட்களைப் புரிந்து பார்ப்பது எப்படி?

2023-ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று, ஸ்பெயின் நாட்டின் பாஸ்க் பகுதியிலுள்ள பில்பாவோ நகரில் டூர் டி பிரான்ஸ் மிதிவண்டிப் பந்தயம் தொடங்கியது. அன்றைய கட்டத்தின், அதாவது ஒரு நாள் ஓட்டத்தின், நீளம் 182 கிலோமீட்டர். முடிவதற்கு இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் எஞ்சியிருந்தபோது, ஓர் இறக்கத்தில் என்ரிக் மாஸ், ரிச்சர்ட் கராபாஸ் ஆகிய இருவரும் கீழே விழுந்தனர். மாஸ் அன்றே பந்தயத்திலிருந்து விலகினார். கராபாஸ் முழங்கால் சில்லில் எலும்பு முறிவோடு எல்லைக்கோடு வரை ஓட்டி முடித்தார். ஆனால் மறுநாள் காலையில் அவரால் புறப்பட முடியவில்லை. இருவரும் தத்தம் அணிக்குத் தலைவர்கள். அவர்களைச் சுற்றியே அந்த அணிகள் பல மாதங்களாகத் திட்டமிட்டிருந்தன. மொத்தம் 21 கட்டங்களும் 23 நாட்களும் கொண்ட ஒரு பந்தயம் அவர்களுக்கு முதல் மாலையிலேயே முடிந்துவிட்டது.

மலைகள் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தொடக்க நாட்களைத் தவறவிடும் நேயர்கள் பலர் இருக்கிறார்கள். ஆல்ப்ஸிலும் பிரனீசிலும்தான் வெற்றி முடிவாகிறது என்பது அவர்களது எண்ணம். அந்த எண்ணம் பாதிதான் உண்மை என்பதற்கு 2015-ஆம் ஆண்டுப் பந்தயமே போதிய சான்று. அவ்வாண்டு பாரிசில் கிறிஸ் ஃபுரூம் முதலிடமும் நைரோ குயின்டானா இரண்டாமிடமும் பெற்றபோது இருவருக்கும் இடையே மொத்த நேரத்தில் இருந்த வேறுபாடு 1 நிமிடம் 12 விநாடி. ஆனால் நெதர்லாந்தின் கடலோரமான சீலாந்தில் முடிந்த இரண்டாம் நாள் கட்டத்தில் மட்டும், காற்றிலும் மழையிலும் கூட்டம் பிளவுபட்டதால், குயின்டானா ஃபுரூமிடம் 1 நிமிடம் 28 விநாடியை இழந்திருந்தார். மலைகளில் அவர் மீட்டெடுத்த நேரம் எதுவும் அந்தக் கடற்கரைச் சாலையில் போனதை முழுமையாக ஈடுசெய்யவில்லை. அப்படிப்பட்ட ஒரு நாளை நேரலையில் பார்க்கும்போது, நடப்பது இன்னதென்று அந்தக் கணத்திலேயே அறிந்துகொள்வதற்கான வழிகளை இங்கே விளக்க விரும்புகிறேன்.

முதல் நாளுக்கு முன்பு

முதலில் செய்ய வேண்டியது, தொடக்கக் கட்டம் எவ்வகையானது என்று அறிவது. பந்தய அமைப்பாளர்கள் ஒவ்வொரு கட்டத்துக்கும் வரைபடத்தையும், ஏற்ற இறக்கங்களைக் காட்டும் குறுக்குவெட்டுப் படத்தையும் முன்கூட்டியே வெளியிடுவார்கள். இரண்டாவது படத்தைத்தான் நீங்கள் கூர்ந்து பார்க்க வேண்டும். மேடுகள் இல்லாத நீண்ட கோடாக இருந்தால், கடைசி சில நூறு மீட்டரில் மின்னல் வேகத்தில் பாயும் ஸ்பிரிண்டர்கள் வெல்லக்கூடிய நாள் அது. இறுதி முப்பது கிலோமீட்டரில் பற்கள் போலச் சிறு குன்றுகள் தெரிந்தால் ஸ்பிரிண்டர்கள் பின்தங்கி, குன்றுகளில் வெடித்துப் பாயும் திறனுடையவர்கள் முன்னுக்கு வருவார்கள். 2021-இல் பிரெஸ்ட் நகரிலிருந்து லாந்தெர்னோவுக்குச் சென்ற முதல் கட்டம் ஓர் ஏற்றத்தில் முடிந்தது. ஜூலியன் அலாபிலிப் அந்த ஏற்றத்தில் தனியாகப் பிரிந்து சென்று வென்றார். 2024-இல் புளோரன்சிலிருந்து ரிமினி வரையிலான 206 கிலோமீட்டர் கட்டம் இன்னும் கடுமையானது. அதன் மேடுகளையெல்லாம் கூட்டினால் ஏற்றம் ஏறத்தாழ 3,600 மீட்டர்.

மூன்றாவது வகை, வீரர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தனித்தனியே புறப்பட்டு, ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்ட நேரத்தை ஒப்பிடும் டைம் டிரையல். எட்டு கிலோமீட்டருக்குக் குறைவான தொடக்க டைம் டிரையலைப் புரோலாக் என்று அழைப்பார்கள். டூர் டி பிரான்சில் அது 1967-இல் ஆங்ஜே நகரில் அறிமுகமாகி, பல பத்தாண்டுகளுக்குத் தொடக்கத்தின் அடையாளமாகவே இருந்தது. 1994-இல் லீல் நகரில் 7.2 கிலோமீட்டரைக் கிறிஸ் போர்ட்மன் மணிக்கு 55 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சராசரி வேகத்தில் ஓட்டி வென்றது அதன் பொற்காலம். 2012-இல் லியேஜ் நகரின் 6.4 கிலோமீட்டர் புரோலாக்கை ஃபேபியன் கான்செல்லாரா வென்ற பிறகு, அந்தக் குறுகிய வடிவத்தை அமைப்பாளர்கள் கைவிட்டுவிட்டார்கள். 2015-இல் உட்ரெக்ட், 2017-இல் டசல்டார்ஃப், 2022-இல் கோபன்ஹேகன் ஆகிய நகரங்களில் 13 அல்லது 14 கிலோமீட்டர் நீளமுள்ள டைம் டிரையலோடு பந்தயம் தொடங்கியது. மற்ற ஆண்டுகளில் சாலைக் கட்டமே தொடக்கம். இது எனக்கு வருத்தம் தரும் மாற்றம். ஒவ்வொரு வீரரின் முகத்தையும் பெயரையும் தனித்தனியே அறிந்துகொள்ள, புதிதாகப் பார்ப்பவருக்குப் புரோலாக்கைவிடச் சிறந்த அறிமுகம் வேறில்லை. 2026-ஆம் ஆண்டுக்குப் பார்சிலோனாவில் அறிவிக்கப்பட்ட தொடக்கமோ, அணி முழுவதும் சேர்ந்து ஓட்டும் டைம் டிரையல். அதற்கு முன் அவ்வடிவில் பந்தயம் கடைசியாகத் தொடங்கியது 1971-இல்.

அடுத்ததாக, அணிகளின் பட்டியலைப் பாருங்கள். 2018 முதல் ஒவ்வோர் அணியிலும் எட்டுப் பேர். 2025-இல் 23 அணிகளாக 184 பேர் புறப்பட்டனர். இத்தனை பெயர்களையும் மனப்பாடம் செய்ய முயல்வது வீண் வேலை. ஒட்டுமொத்த வெற்றிக்குப் போட்டியிடும் ஐந்தாறு பேரையும், மூன்று நான்கு ஸ்பிரிண்டர்களையும், அவர்களுடைய அணிகளின் ஜெர்சி நிறத்தையும் நினைவில் வைத்துக்கொண்டால் முதல் நாளுக்கு அது தாராளம். முந்தைய ஆண்டின் வெற்றியாளர் மீண்டும் வந்தால் அவர் முதுகில் 1 என்ற எண் இருக்கும். எல்லாக் கட்டங்களின் நேரத்தையும் கூட்டிப் பார்க்கும்போது முதலிடத்தில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சியைப் பந்தயத்தின் முதல் நாளில் தேட வேண்டாம். அண்மை ஆண்டுகளில், முந்தைய ஆண்டு வென்றவர் உட்பட யாரும் அன்று அதை அணிந்து புறப்படுவதில்லை. அந்த நாள் முடிந்த பிறகே அது ஒருவருடைய தோளுக்கு வரும்.

நேரத்தையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். கோடைக்காலத்தில் பிரான்ஸ் நேரத்தைவிட இந்திய, இலங்கை நேரம் மூன்றரை மணி முந்தியது. அங்கே மாலை ஐந்தரைக்கு முடியும் கட்டம் நமக்கு இரவு ஒன்பது மணி. முழு ஒளிபரப்பையும் பார்க்க இயலாதவர்கள் கடைசி ஒன்றரை மணி நேரத்தைப் பார்க்கலாம். ஆனால் கடற்கரையோரமாகப் போகும் நாளாக இருந்தால், முடிந்தவரை முன்னதாகவே வந்து அமருங்கள்; காற்று எப்போது கூட்டத்தைப் பிளக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

உண்மையான தொடக்கம் எங்கே?

சாலைக் கட்டங்களில் வீரர்கள் புறப்படும் இடம் வேறு, பந்தயம் தொடங்கும் இடம் வேறு. காலையில் மேடையேறிக் கையொப்பமிட்ட பிறகு, நகரின் நடுவிலிருந்து அனைவரும் மெதுவாகக் கிளம்பி, அமைப்பாளரின் சிவப்புக் காருக்குப் பின்னால் சில கிலோமீட்டர் ஊர்வலமாகச் செல்வார்கள். அந்தக் காரை முந்தக் கூடாது. நகரத்துக்கு வெளியே குறிப்பிட்ட ஓரிடத்தில், பல ஆண்டுகளாகப் பந்தய இயக்குநராக இருந்துவரும் கிறிஸ்டியன் புருதோம் காரின் மேற்கூரைத் திறப்பு வழியாக எழுந்து நின்று கொடியை அசைப்பார். அதுதான் பூஜ்யக் கிலோமீட்டர். கட்டத்தின் நீளமும் நேரமும் அங்கிருந்தே அளக்கப்படுகின்றன.

கொடி அசைந்த மறுகணம் சிலர் பாய்ந்து முன்னால் செல்வதைக் காண்பீர்கள். பெரும்பாலும் சிறிய அணிகளைச் சேர்ந்த அவர்களுக்கு, மாலை வரை முன்னிலையில் நீடித்து வெல்ல முடியாது என்பது தெரியும். அவர்கள் தேடுவது வேறு. வழியிலுள்ள சிறு மேடுகளின் உச்சியை முதலில் கடப்பவருக்குப் புள்ளிகள் உண்டு. மலையேற்றத்துக்கான சிவப்புப் புள்ளியிட்ட வெள்ளை ஜெர்சி அப்புள்ளிகளால் தீர்மானிக்கப்படுகிறது. பெரிய மலைகள் எதுவும் வராத முதல் நாளில், மிகச் சிறிய நான்காம் வகை மேட்டில் கிடைக்கும் ஒற்றைப் புள்ளியே அந்த ஜெர்சியைப் பெற்றுத் தரலாம். 2025-இல் லீல் நகரத்துக்கு வெளியே, கற்கள் பாவிய கசெல் மேட்டின் உச்சியில் பெஞ்சமின் தோமாவும் மத்தேயோ வெர்ஷேவும் அந்தப் புள்ளிக்காகத் தோளோடு தோள் உரசப் பாய்ந்து, கோட்டைக் கடந்த வேகத்திலேயே இருவரும் உருண்டு விழுந்தனர். புள்ளி தோமாவுக்குக் கிடைத்தது. மாலையில் ஜெர்சியும் அவருக்கே. ஒரு புள்ளிக்காக எலும்பைப் பணயம் வைப்பதா என்று தோன்றலாம். பிரான்சில் ஒரு பிரெஞ்சு வீரருக்கு அந்த மேடையில் ஒரு முறை ஏறுவது வாழ்நாள் நினைவு என்பதையும், விளம்பரப் பணத்தில் வாழும் சிறிய அணிக்கு மறுநாள் முழுவதும் தொலைக்காட்சியில் தெரியும் ஒரு ஜெர்சி எத்தகைய சொத்து என்பதையும் அறிந்தால் அந்த வேகம் புரியும்.

எங்கே பார்க்க வேண்டும்?

ஒளிப்படக் கருவிகள் முன்னே செல்பவர்களையே அதிகம் காட்டும். நீங்கள் பார்க்க வேண்டியது அவர்களுக்குப் பின்னால் வரும் பெருங்கூட்டத்தை, அதாவது பெலோட்டானை. ஹெலிகாப்டரிலிருந்து காட்டும்போது, நீங்கள் நினைவில் வைத்திருக்கும் ஐந்தாறு போட்டியாளர்கள் கூட்டத்தின் எப்பகுதியில் இருக்கிறார்கள் என்று தேடுங்கள். கட்டத்தின் நடுவில் அவர்கள் பின்பகுதியில் இருந்தால் கவலையில்லை. உணவுண்ணவும் தண்ணீர் வாங்கவும் இயற்கை அழைப்புக்கும் அதுவே நேரம். கடைசி நாற்பது கிலோமீட்டரில் ஒருவர் முதல் முப்பது பேருக்குள் இல்லையென்றால், அவருக்கு ஆபத்து நெருங்குகிறது என்று கொள்ளுங்கள்.

ஏன் அந்த இடத்துக்கு இத்தனை மதிப்பு? மிதிவண்டியில் வேகமாகச் செல்பவர் செலவிடும் ஆற்றலின் பெரும்பகுதி காற்றைக் கிழிப்பதற்கே போகிறது. முன்னால் ஒருவர் இருந்தால் பின்னால் வருபவருக்கு அந்தச் சுமை கணிசமாகக் குறைகிறது. எனவே எல்லோரும் பிறர் மறைவில் இருக்க விரும்புகிறார்கள். அதே சமயம், விழுபவர்களும் தடைபடுபவர்களும் பெரும்பாலும் நடுவிலும் பின்னாலும் இருப்பதால், எல்லோரும் முன்னால் இருக்கவும் விரும்புகிறார்கள். ஏறத்தாழ 180 பேருக்கும் ஒரே நேரத்தில் முன்வரிசை தேவைப்படுகிறது. சாலையின் அகலமோ ஆறேழு மீட்டர். முதல் நாளில் இந்த நெருக்கடி உச்சத்தில் இருக்கும். எவருக்கும் களைப்பு இல்லை. இன்னார் வலியவர், இன்னார் பின்தங்கியவர் என்ற வரிசை இன்னும் உருவாகவில்லை. அனைவரும் ஒரே நேரத்தில் பூஜ்யத்தில் நிற்பதால், மலைகளில் ஒருபோதும் முன்னிலை பெற முடியாத ஸ்பிரிண்டருக்கும்கூட மஞ்சள் ஜெர்சி எட்டும் தூரத்தில் இருக்கும். யாரும் விட்டுக்கொடுக்காததால்தான் தொடக்க நாட்களில் இத்தனை விபத்துகள் நேர்கின்றன.

காற்றைப் படிக்கக் கற்றுக்கொள்வது இதன் அடுத்த படி. எதிர்க்காற்றில் கூட்டம் திரண்டு மெதுவாகச் செல்லும். அப்போது நீங்கள் எழுந்து தேநீர் போட்டுக்கொண்டு வரலாம். பக்கவாட்டிலிருந்து அடிக்கும் காற்று அப்படியன்று. அப்போது முன்னால் செல்பவரின் நேர் பின்புறத்தில் மறைவு கிடைக்காது. காற்று போகும் பக்கமாகச் சற்று விலகி, சாய்கோட்டில் நின்றால்தான் கிடைக்கும். சாலையின் அகலத்துக்குள் அப்படிச் சாய்வாக நிற்கப் பத்துப் பதினைந்து பேருக்குத்தான் இடம் உண்டு. மற்றவர்கள் சாலையின் ஓரத்தில் ஒற்றை வரிசையில், மறைவே இல்லாமல், முழு ஆற்றலையும் செலவழித்துத் தொங்கிக்கொண்டிருப்பார்கள். அவ்வரிசையில் ஒருவர் தளர்ந்தால் அவர் பின்னால் இருப்பவர்கள் அனைவருக்கும் முன்குழுவுடனான தொடர்பு அறுந்துவிடும். இந்தச் சாய்கோட்டு அமைப்பை எஷெலான் என்பார்கள்.

அது வருவதற்கு முன் சில அடையாளங்கள் தெரியும். பார்வையாளர்கள் பிடித்திருக்கும் கொடிகள் சாலைக்குக் குறுக்கே பறக்கின்றனவா என்று பாருங்கள். திறந்த வயல்வெளியை நோக்கிச் சாலை திரும்பும் இடத்துக்குச் சற்று முன்பாக, ஏதேனும் ஓர் அணியின் வீரர்கள் பலர் ஒன்றாக முன்னே வருவார்கள். அதுவே முதன்மையான அறிகுறி. அந்தக் கணத்தில் முன்னால் செல்பவர்களை மறந்துவிட்டு, யார் எந்தக் குழுவில் இருக்கிறார் என்று எண்ணத் தொடங்குங்கள். 2025-இன் முதல் கட்டத்தில், கடைசி இருபது கிலோமீட்டருக்குள் இப்படித்தான் கூட்டம் உடைந்தது. ஒட்டுமொத்த வெற்றிக்குப் போட்டியிட்டவர்களில் தடேய் போகாச்சாரும் யோனாஸ் விங்கெகோரும் முதல் குழுவில் இருந்தார்கள். ரெம்கோ எவெனபூலும் பிரிமோஷ் ரோக்லிச்சும் பின்குழுவில் மாட்டிக்கொண்டு 39 விநாடிகளை இழந்தார்கள். கட்டத்தை வென்ற யாஸ்பர் பிலிப்சென்னின் பெயரே மறுநாள் தலைப்புகளில் இருந்தது. ஒட்டுமொத்தப் பந்தயத்தைப் பொறுத்தவரை அன்றைய பெரிய செய்தி அந்த 39 விநாடிதான் என்று நான் கருதுகிறேன்.

காற்று எதிர்பார்த்தபடி வராத நாட்களும் உண்டு. 2022-இல் டென்மார்க்கில் இரண்டாம் கட்டம் ஏறத்தாழ 18 கிலோமீட்டர் நீளமுள்ள பெருங்கடல்நீரிணைப் பாலத்தைக் கடந்து நூபோர் நகரில் முடிந்தபோது, பாலத்தின் மீது கூட்டம் சிதறும் என்று பல மாதங்களாகப் பேசினார்கள். அன்று காற்று எதிரே இருந்து அடித்ததால் அனைவரும் ஒன்றாகவே பாலத்தைக் கடந்தனர். எனவே வரைபடத்தை மட்டும் நம்பாமல், அன்றைய காற்றின் திசையை வானிலைக் கணிப்பில் பார்த்து, அதைச் சாலையின் திசையோடு பொருத்திப் பாருங்கள். ஐந்து நிமிடம் எடுக்கும் இந்த வேலை, மூன்று மணி நேர ஒளிபரப்பைப் புரியவைக்கும்.

கடைசி மூன்று கிலோமீட்டரும் விநாடிக் கணக்கும்

ஒரே குழுவாக எல்லைக்கோட்டைக் கடப்பவர்கள் அனைவருக்கும் ஒரே நேரம் வழங்கப்படும். குழுவுக்குள் கடைசியாக வந்தவரும் முதலில் வந்தவரின் நேரத்தையே பெறுவார். இதனுடன் இன்னொரு விதியும் உண்டு. மலையுச்சியில் முடியாத சாலைக் கட்டங்களில், வழக்கமாகக் கடைசி மூன்று கிலோமீட்டருக்குள் ஒருவர் விழுந்தாலோ அவரது வண்டி பழுதானாலோ, அந்த நேரத்தில் அவர் இருந்த குழுவின் நேரமே அவருக்கும் அளிக்கப்படும். அண்மை ஆண்டுகளில் சில கட்டங்களுக்கு இந்த எல்லையை ஐந்து கிலோமீட்டர் வரை நீட்டியிருக்கிறார்கள். ஆகவே, விபத்து நடந்தவுடன் திரையின் ஓரத்தில் எத்தனை கிலோமீட்டர் எஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். 2011-இல் முதல் கட்டம் முடிவதற்கு ஒன்பது கிலோமீட்டர் அளவில் இருந்தபோது நேர்ந்த விபத்தின் பின்னால் சிக்கிய அல்பெர்தோ கொன்தாதோர், ஒரு நிமிடத்துக்கும் மேல் இழந்தார். மூன்று கிலோமீட்டருக்குள் நடந்திருந்தால் அதில் ஒரு விநாடியும் போயிருக்காது.

விதிகளையே மாற்ற வேண்டிய நாளும் வந்திருக்கிறது. 2013-இல் கோர்சிகா தீவின் பஸ்தியா நகரில், ஓர் அணியின் பேருந்து எல்லைக்கோட்டு வளைவின் அடியில் சிக்கிக்கொண்டது. வீரர்கள் நெருங்கிக்கொண்டிருந்த வேளையில், முடிவுக்கோடு மூன்று கிலோமீட்டர் முன்னதாக மாற்றப்படுவதாக அறிவித்தார்கள். பேருந்து விடுவிக்கப்பட்டதும் பழைய இடத்துக்கே மாற்றினார்கள். அந்தக் குழப்பத்துக்கு நடுவே பெரிய விபத்தும் நேர்ந்தது. மார்செல் கிட்டல் வென்றார்; மற்ற அனைவருக்கும் அவரது நேரமே வழங்கப்பட்டது.

சாலைக் கட்டங்களில் முதல் மூவருக்கு முறையே 10, 6, 4 விநாடிகள் அவர்களது மொத்த நேரத்திலிருந்து கழிக்கப்படும். ஒன்றாக முடித்த நாளில் வென்றவர் நான்கு விநாடி முன்னிலை பெறுவது இப்படித்தான். தொடக்க நாட்களில் மஞ்சள் ஜெர்சி யாரிடம் போகும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்தச் சிறு கழிவுகளே என்பதால், காகிதத்தில் நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 2022-இல் கோபன்ஹேகனின் மழை நனைத்த தெருக்களில் பெல்ஜிய விவசாயக் குடும்பத்துப் பிள்ளையான இவ் லாம்பார்ட், யாரும் எதிர்பாராத வகையில் டைம் டிரையலை வென்று கண்ணீர் விட்டார். இரண்டாம் இடம் பெற்ற வூட் வான் ஆர்ட் அவருக்கு 5 விநாடி பின்னால் இருந்தார். மறுநாள் நூபோரில் வான் ஆர்ட் மீண்டும் இரண்டாம் இடமே பெற்றார். ஆனால் அதற்கு 6 விநாடி கழிவு கிடைத்ததால், ஒரே ஒரு விநாடி முன்னிலையில் ஜெர்சி கைமாறியது. கட்டத்தை வென்ற ஃபாபியோ யாகப்சென்னைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது புரிவதற்குள் மேடை தயாராகிவிட்டது.

ஒருவரே இரண்டு ஜெர்சிகளுக்கு உரியவராக இருந்தால் மஞ்சளை அணிவார். மற்றதை அப்பட்டியலில் அடுத்தவர் அணிந்து ஓட்டுவார். எனவே இரண்டாம் நாளில், கட்ட முடிவுகளிலும் இடைவழி ஸ்பிரிண்டுகளிலும் கிடைக்கும் புள்ளிகளுக்கான பச்சை ஜெர்சியை அணிந்திருப்பவர் அப்புள்ளிப் பட்டியலில் உண்மையில் முதலிடத்தில் இல்லாமலும் இருக்கலாம்.

டைம் டிரையலோடு தொடங்கினால்

கூட்டம், மறைவு, நிலை என்று இதுவரை சொன்ன எதுவும் அன்று பொருந்தாது. வெறும் நேரம்தான். இடைவழி அளவிடத்தில் ஒவ்வொருவரும் எடுத்த நேரத்தை முடிவு நேரத்தோடு ஒப்பிட்டு, யார் அடக்கமாகத் தொடங்கி இறுதியில் வேகம் கூட்டினார் என்று பாருங்கள். வானத்தையும் பாருங்கள்: பிற்பகலில் மழை தொடங்கினால், முன்னதாகப் புறப்பட்ட எளிய வீரரின் நேரம் மாலை வரை நிற்கக்கூடும். ஈரச் சாலையில் பெரும்போட்டியாளர்கள் திருப்பங்களில் தயங்குவதும் நியாயமே. 1995-இல் சான்பிரியேவில் போர்ட்மனும், 2017-இல் டசல்டார்ஃபில் அலெகாந்த்ரோ வல்வெர்தேவும் ஈரத் திருப்பத்தில் சறுக்கி எலும்பு முறிந்து அன்றே வெளியேறினார்கள்.

புறப்படும் நேரத்தைக் கடிகாரம் யாருக்காகவும் தள்ளிவைப்பதில்லை. 1988-இன் வெற்றியாளர் பெத்ரோ தெல்காதோ, 1989-இல் லக்சம்பர்க்கில் நடந்த புரோலாக்கிற்கு இரண்டரை நிமிடத்துக்கும் மேல் தாமதமாக வந்து சேர்ந்தார். அவர் வராதபோதே அவரது கடிகாரம் ஓடத் தொடங்கியிருந்தது. மூன்று வாரங்கள் அபாரமாக ஓட்டியும் அவரால் மூன்றாம் இடத்துக்கே வர முடிந்தது.

நேரில் செல்பவர்களுக்கு

ஐரோப்பாவில் வசிக்கும் நம்மவர்களுக்கு, தொடக்கம் தங்கள் நகருக்கோ பக்கத்து நகருக்கோ வரும் வாய்ப்பு உண்டு. 1954-இல் ஆம்ஸ்டர்டாமில் முதன்முறையாகப் பிரான்சுக்கு வெளியே தொடங்கிய இப்பந்தயம், 2007-இல் லண்டனிலும் 2014-இல் லீட்சிலும் தொடங்கியிருக்கிறது. சமதளச் சாலையில் நின்றால் மொத்தக் கூட்டமும் சில விநாடிகளில் உங்களைக் கடந்துவிடும். மாறாக, நகரத்துக்குள் மெதுவாகச் செல்லும் ஊர்வலப் பகுதியிலோ ஓர் ஏற்றத்திலோ நின்றால் முகங்களைப் பார்க்கலாம். டைம் டிரையல் நாளில் எங்கே நின்றாலும் பல மணி நேரத்துக்கு வீரர்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டே இருப்பார்கள். சாலைகள் பல மணி நேரத்துக்கு முன்பே மூடப்படுவதால் காலையிலேயே சென்று, தண்ணீர், தொப்பி, உணவோடு இடம் பிடியுங்கள். வீரர்களுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்பு, 1930 முதல் நடந்துவரும் விளம்பர வாகன அணிவகுப்பு வரும். தொப்பிகளையும் தின்பண்டங்களையும் வீசிக்கொண்டே போகும். குழந்தைகளோடு சென்றால் அவர்களுக்கு அதுவே திருவிழா. வீசிய பொருளை எடுக்க அவர்கள் சாலைக்குள் ஓடிவிடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

வீரர்கள் வரும்போது கைப்பேசியை நீட்டியபடி சாலைக்குள் சாயாதீர்கள்; திரையில் தெரியும் தொலைவு உண்மையான தொலைவு அன்று. 2021-இன் முதல் கட்டத்தில் ஒரு பார்வையாளர் தம் அட்டையைத் தொலைக்காட்சிக் கருவிக்குக் காட்ட, கூட்டத்துக்கு முதுகைத் திருப்பி நின்றார். அதில் மோதி டோனி மார்ட்டின் விழ, அவருக்குப் பின்னால் வந்தவர்கள் சாலை முழுதும் குவியலாக விழுந்தனர். அந்தப் பார்வையாளருக்கு நீதிமன்றம் பின்னர் 1,200 யூரோ அபராதம் விதித்தது. அன்று விழுந்த ஒவ்வொருவரும் அந்தத் தொடக்கத்துக்காக ஓராண்டு உழைத்தவர்கள்.

பரிசளிப்புக்குப் பிறகும்

மேடை நிகழ்ச்சி முடிந்தவுடன் தொலைக்காட்சியை அணைத்துவிடாமல், முடிவுப் பட்டியலின் அடிப்பகுதிக்கும் செல்லுங்கள். வென்றவரின் நேரத்தோடு குறிப்பிட்ட விழுக்காட்டைக் கூட்டி ஒரு கால எல்லை வகுத்திருப்பார்கள்; அதற்குள் வராதவர் பந்தயத்திலிருந்து நீக்கப்படுவார். 2024-இன் முதல் நாளில் அனைவரின் கண்களும் ரிமினியில் ரொமான் பார்தேவின் மேல் இருந்தன. தம் இளம் அணித்தோழர் பிராங்க் வான் டென் புரூக்கோடு சேர்ந்து, துரத்திவந்த கூட்டத்தை விநாடிகளில் தடுத்து, தம் கடைசி டூர் டி பிரான்சில் முதன்முறையாக மஞ்சள் ஜெர்சி அணிந்தார் அவர். அதே வேளையில், நெடுந்தொலைவு பின்னால், கடும் வெயிலில் வாந்தியெடுத்தபடி, அணித்தோழர்கள் சூழ ஸ்பிரிண்டர் மார்க் கேவண்டிஷ் ஓட்டிக்கொண்டிருந்தார். கால எல்லைக்குள் அவர் வந்து சேர்ந்தார். நான்கு நாட்கள் கழித்து சான்வுல்பாவில் ஐந்தாம் கட்டத்தை வென்று, எடி மெர்க்ஸோடு பகிர்ந்திருந்த 34 கட்ட வெற்றிகள் என்ற சாதனையைக் கடந்து 35-ஐ எட்டினார்.